அங்கோரா ஆட்டு ரோமத்தில் குத்தாத காலுறை

அங்கோரா ஆட்டின் ரோமத்துக்கு மொஹேர் என்று பெயர். கடையில் 'அங்கோரா' என்று விற்கும் நூல் முயலுடையது, குழப்பிக்கொள்ள வேண்டாம். துருக்கியின் அங்காரா பகுதியைச் சேர்ந்த இந்த ஆடு 1838-இல் தென்னாப்பிரிக்கா போனது. உலக மொஹேரில் பெரும்பங்கு இப்போது அங்கேதான், முக்கியமாக ஈஸ்டர்ன் கேப்பின் காரூ வறண்ட நிலத்தில் விளைகிறது.

காலுறைக்கு வேண்டியது குட்டியின் ரோமம். பிறந்த ஆறாம் மாதமும் பன்னிரண்டாம் மாதமும் கத்தரித்தது தடிமனில் 30 மைக்ரானுக்கு (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) கீழே இருக்கும். வயதேற ஏற இழை தடித்து 34-ஐத் தாண்டும். 30-க்கு மேல் போனாலே தோலில் குத்தும். கிழட்டுக் கிடாயின் ரோமம் கம்பளத்துக்கு ஆகும், காலுக்கு ஆகாது. குட்டையாய், வெள்ளையாய், விறைப்பாய் நிற்கும் முரட்டு மயிர் கலந்திருந்தால் சாயமும் ஏறாது, குத்தலும் போகாது. அது அதிகமுள்ள ஆட்டை இனப்பெருக்கத்துக்கு விடாதீர்கள்.

ரோமம் மாதத்துக்கு 2 முதல் 2.5 செ.மீ. வளர்வதால் ஆண்டுக்கு இருமுறை கத்தரிக்க வேண்டும். தீனி குறைந்தால் இழை மெலிந்து இற்றுப்போகும். மிதமிஞ்சிக் கொடுத்தாலோ தடிக்கும். சினையாட்டுக்கு மூன்றாம், நான்காம் மாதத்தில் தீனியில் கைவைத்தால் கரு கலையும். குடற்புழுவுக்குக் கண்ணின் கீழிமையைத் திருப்பிப் பாருங்கள்: சிவப்பு நல்லது, வெளுத்திருந்தால் மருந்து.

கத்தரித்த பிறகுதான் ஆடுகள் அதிகம் சாகின்றன. உடம்பில் மறைப்பில்லை, இந்த இனத்துக்கு ஆற்றல் கையிருப்பும் குறைவு. குளிர்மழையும் காற்றும் சேர்ந்தால் ஒரே இரவில் மந்தை விழும். வானிலை பார்த்துக் கத்தரியுங்கள். நான்கு முதல் ஆறு வாரம் கூரை வேண்டும், முன்னும் பின்னும் மக்காச்சோளமும் வேண்டும். கத்தரிக்கும்போது ஒரே இடத்தில் இருமுறை கத்தரி ஓட்டினால் துண்டு மயிர் சேரும். நூலில் அதுதான் முடிச்சாகத் தெரியும்.

ஒரு ஜோடிக்கு 100 கிராம் நூல் போதும். மொஹேருக்கு வலுவும் மினுக்கமும் உண்டு, இழுத்தால் திரும்பும் குணம் இல்லை. தனி மொஹேரில் பின்னினால் காலுறை கணுக்காலில் சரியும். 70 கிராம் மெரினோ செம்மறிக் கம்பளி, 30 கிராம் மொஹேர் என்று கலப்பதே எங்கள் கணக்கு. காலுறை தேயாமலிருக்கக் கடை நூலில் கலக்கும் நைலானின் வேலையை மொஹேர் செய்துவிடும்.

ரோமத்தை வலைப்பையில் இட்டு, 100 கிராமுக்கு 5 லிட்டர் என்ற அளவில் 60 டிகிரி சோப்பு நீரில் 20 நிமிடம் ஊறவிடுங்கள். கிளறினால் திரளும், நீர் ஆறினால் கொழுப்பு திரும்ப ஒட்டும். சோப்பில் இருமுறை, அதே சூட்டு வெந்நீரில் இருமுறை. உலர்ந்ததும் கம்பளியோடு சேர்த்துச் சீவி, சற்று இறுக்கமாக முறுக்கி நூற்று, மூன்று புரியாகச் சேருங்கள். மொஹேர் வழுக்கும், முறுக்கு குறைந்தால் புரி பிரிந்து தேயும்.

பாதச் சுற்றளவு 22 செ.மீ. என்றால் காலுறை 20 செ.மீ. இருக்கட்டும். 2.25 மி.மீ. ஊசியில் 10 செ.மீ.க்கு 32 கண்ணி வந்தால் 64 கண்ணி ஏற்றுங்கள். மேல்விளிம்பு இரண்டு நேர்க்கண்ணி, இரண்டு மறுகண்ணி என்று 6 செ.மீ.; இதில் கஞ்சம் பிடித்தால் சரியும். குதிகால் 32 கண்ணி, 32 வரிசை. ஒன்றுவிட்டு ஒரு கண்ணியைப் பின்னாமல் நகர்த்தினால் இரட்டைத் தடிமன் கிடைக்கும். விரல்நுனிக்கு 4.5 செ.மீ. இருக்கும்போது ஒரு சுற்று விட்டு ஒரு சுற்றில் நான்கு கண்ணியாகக் குறைத்து 32-க்கு வாருங்கள், பிறகு ஒவ்வொரு சுற்றிலும் குறைத்து 16-க்கு. மிஞ்சியதை ஊசியால் தட்டையாக ஒட்டித் தையுங்கள். இழுத்துக் கட்டினால் அந்த முடிச்சு விரலைக் கடிக்கும்.

துவைப்பது 30 டிகிரிக்குள். அழுக்கோடு அலமாரியில் வைத்தால் அந்துப்பூச்சி முதலில் கைவைப்பது குதிகாலில்.