நீலகிரியில் மழையிலும் உறைபனியிலும் ஸ்ட்ராபெரி

இந்தியச் சந்தைக்கு வரும் ஸ்ட்ராபெரியில் பெரும்பகுதி மகாராஷ்டிரத்தின் மகாபலேஸ்வரம் பகுதியில் குளிர்காலம் தொடங்கி ஏப்ரல் வரை விளைவது. மழை பிடித்தபின் அந்த வரத்து அற்றுப்போகிறது. நீலகிரி விவசாயி குறிவைக்க வேண்டியது அந்த இடைவெளியைத்தான்.

நம் மலை இதற்குப் பெரிதும் இடம் கொடுக்கிறது. குறும்பகல் இரகங்கள் பகல் குறைவாகவும் இரவு குளிர்ந்தும் இருந்தால்தான் மொட்டு வைக்கும். வட ஐரோப்பாவில் கோடைப் பகல் 16 மணி நேரத்தைத் தாண்டுவதால் பருவம் மாற்றிப் பூக்கவைக்க இருட்டுத் திரை முதலிய ஏற்பாடுகள் தேவைப்படுகின்றன. உதகையிலோ ஆண்டின் மிக நீண்ட பகலும் 13 மணி நேரத்தைத் தொடுவதில்லை; 2,200 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தால் வெயிலும் கடுமையாக இல்லை. ஆகவே பூக்கவைப்பது இங்கே சிக்கலன்று, பூத்ததைக் காப்பதே வேலை. பெரிய பசுமைக்குடிலுக்குக் கடன் வாங்குவதற்கு முன் தாழ்குடிலில், அதாவது பாத்திமேல் வில் ஊன்றித் தாள் போர்த்தும் சிறு கூடாரத்தில், பழகுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

சரிவுக்குக் குறுக்கே ஒரு மீட்டர் அகலத்தில், 30 செ.மீ. உயரத்தில் மேட்டுப்பாத்தி அமைத்து, மக்கிய தொழுவுரம் கலக்க வேண்டும். கார அமில நிலை 5.5 முதல் 6.5 வரை இருப்பது நல்லது. நம் மண் பெரும்பாலும் இதற்கும் கீழே புளித்திருக்கும் என்பதால், மண் பரிசோதனைக்குப் பின் புளிப்பைக் குறைக்கும் டோலமைட் என்னும் சுண்ணாம்புத் தூள் இடலாம். சொட்டுநீர்க் குழாயைப் பதித்து, பாத்தியை மூடும் தாளான நிலப்போர்வையை விரித்து, 30 செ.மீ. இடைவெளியில் நடவேண்டும். குருத்து மண்ணுக்குள் புதைந்தால் அழுகும், வேர் வெளியே தெரிந்தால் காயும். மழைக்கால அறுவடைக்கு மார்ச், ஏப்ரலில் நட்டு, முதலில் வரும் பூக்களையும் செடியிலிருந்து தரையில் படரும் ஓடுதண்டுகளையும் கிள்ளிவிடுங்கள்.

மூங்கில் பிளாச்சுகளையோ இரும்புக் கம்பியையோ வில்லாக வளைத்து ஊன்றி, புற ஊதாக் கதிரைத் தாங்கும் பாலித்தீன் தாளைப் போர்த்த வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்றில் தாள் பறக்காதிருக்க, ஒவ்வொரு வில்லின் மேலும் கயிறு கட்டுவது அவசியம். மழை பெய்கிறது என்று முழுக்க மூடிவிடுவதுதான் பலர் செய்யும் பிழை. உள்ளே ஈரம் தேங்கிச் சாம்பல் பூஞ்சணம் பரவும். தேனீக்களும் நுழைய முடியாமல், மகரந்தம் சரிவரச் சேராத பழங்கள் கோணல்மாணலாகத் திரளும். இருபுறமும் ஒரு சாண் உயரத்துக்குத் தாளைச் சுருட்டி வையுங்கள். வெயில் எட்டிப்பார்க்கும் வேளையில் இன்னும் உயர்த்துங்கள்.

டிசம்பர், ஜனவரியில் முறை தலைகீழாகும். மேகமும் காற்றும் இல்லாத இரவில் குளிர்காற்று பள்ளத்தில் வந்து தங்கும். மலர்ந்த பூவுக்கு மைனஸ் 1 டிகிரியே போதும், அதன் நடுப்பகுதி கறுத்துப்போகும். அத்தகைய நாளில் பகலிலேயே பாத்தியை நனைத்து, மண்ணில் சேர்ந்த சூடு வெளியேறுமுன், பொழுது சாய்வதற்கு முன்பே குடிலை மூடிவிட வேண்டும். பாலித்தீன் தாள் இரவில் மண்ணின் வெப்பத்தை எளிதாக வெளியே விட்டுவிடும் என்பதால், அதன்மேல் சாக்கையோ பழைய துணியையோ கூடுதலாகப் போர்த்துவது பூக்களைக் காப்பாற்றும். காலையில் வெயில் ஏறியதும் திறக்க மறக்கக்கூடாது.

பறித்தபின் இந்தப் பழம் இனிப்பதில்லை. ஆகவே முக்கால் பங்குக்கு மேல் சிவந்ததை, பனி காய்ந்த இளங்காலையில், காம்போடு கிள்ளி, ஆழமில்லாத தட்டில் ஒரே அடுக்காக வைத்து அன்றே சந்தைக்கு அனுப்புங்கள். கிழிந்த தாள்களையும் நிலப்போர்வையையும் ஓடையில் சேராதபடி தோட்டத்திலிருந்து அகற்றிவிடுங்கள்.