பெருமூளை வாதக் குழந்தைக்கு அறுவை சிகிச்சை: பெற்றோர் கவனிக்க வேண்டியவை

“நரம்பு இழுத்திருக்கு, வெட்டி விட்டா நடந்திடுவான்” என்பார்கள். இங்கே நரம்பு என்று சொல்லப்படுவது பெரும்பாலும் தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண். பாதிப்பு மூளையில் இருக்கிறது. கால் அறுவையால் அது மாறாது. இறுகிய தசையையும் திருகிய எலும்பையும் நழுவும் மூட்டையும்தான் சரிசெய்யலாம். ஆகவே தேதி குறிக்கும் முன் எதற்காகச் செய்கிறோம் என்று ஒரு வரியில் எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள்: வலியில்லாமல் உட்கார, துணி மாற்றக் கால் விரிய, வாக்கரில் பள்ளிக்குப் போக.

நடக்காத குழந்தைக்கு முதலில் இடுப்பைப் பாருங்கள். தொடையை உள்பக்கம் இழுக்கும் தசைகள் ஓயாமல் இறுகுவதால் தொடை எலும்பின் பந்து கிண்ணத்தை விட்டு மெல்ல வெளியேறும். தொடக்கத்தில் வலிக்காது; அதனால்தான் தவறவிடுகிறோம். இயக்கத் திறனை ஐந்து நிலைகளாகப் பிரிப்பார்கள். ஐந்தாம் நிலைதான் மிகக் கடுமையானது; அதில் பத்தில் சுமார் ஒன்பது பேருக்கு இடுப்பு நழுவத் தொடங்குகிறது. மூன்று முதல் ஐந்தாம் நிலை வரை உள்ளவர்களுக்கு 6 முதல் 12 மாதத்துக்கு ஒரு எக்ஸ்ரே தேவை. படமெடுக்கும்போது இடுப்பு சாயாமல், முழங்கால் சில்லு மேல்நோக்கி இருக்கட்டும்; கோணலாகப் படுத்தால் அளவு பிழைக்கும். பந்தில் 30 சதவீதத்துக்கு மேல் வெளியே இருந்தால் குழந்தை எலும்பு மருத்துவரிடம் போங்கள். 40ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் அறுவை பற்றிப் பேச்சு வரும். சின்ன வயதில் தொடை உள்தசையைத் தளர்த்துவார்கள். ஆனால் மறுபடி நழுவலாம். பிறகு தொடை எலும்பை வெட்டித் திருப்பித் தகடு வைப்பார்கள். கிண்ணம் ஆழமில்லை என்றால் அதையும் திருத்துவார்கள்.

நுனிக்காலில் நடக்கும் குழந்தைக்கு அவசரம் வேண்டாம். ஆறு வயதுக்குள் குதிகால் நாணை நீட்டினால் மறுபடி இறுகும் வாய்ப்பு அதிகம். இரண்டு காலும் இறுகிய குழந்தைக்கு முழங்காலையும் இடுப்பையும் பார்க்காமல் குதிகால் நாணை மட்டும் அளவுக்கு மீறி நீட்டுவது பெரிய பிழை. முழங்கால் மடங்கிக் குந்தியபடி நடக்கத் தொடங்கும். அதைத் திருத்துவது இன்னும் கடினம். நடையை முழுதாக ஆராய்ந்து, தேவையான எல்லா இடத்தையும் ஒரே மயக்கத்தில் சரிசெய்வதே நல்லது. அதற்குப் பெரும்பாலும் 6 முதல் 12 வயது வரை ஏற்ற காலம். முதல் சில மாதம் முன்பைவிடத் தளர்ந்திருப்பார்கள், பலன் தெரிய ஓராண்டுக்கு மேல் ஆகும். பிசியோதெரபிக்கு ஆளும் நேரமும் உறுதியான பிறகே தேதி வாங்குங்கள்.

முதுகுத்தண்டின் உணர்நரம்பு இழைகளில் சிலவற்றை வெட்டும் அறுவை, இறுக்கம் மட்டுமே உள்ள, காலில் வலு இருக்கும் குழந்தைக்குத்தான் பொருந்தும். அதைத் திருப்ப முடியாது.

வலிப்பு மாத்திரையையோ, தசை இறுக்கத்தைக் குறைக்கும் பேக்லோஃபெனையோ நீங்களாக நிறுத்தாதீர்கள். அறுவையன்று காலை எதைக் கொடுப்பது என்று மயக்க மருத்துவரிடம் கேளுங்கள். வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்து சாப்பிட்டால் சொல்லிவிடுங்கள். அது ரத்தம் உறைவதைப் பாதிக்கலாம் என்பதால் சோதிப்பார்கள். எடை குறைவோ சளியோ இருந்தால் தள்ளிப்போடுவது நஷ்டமல்ல.

மாவுக்கட்டு போட்ட பிறகு கெண்டைக்கால் அடியில் தலையணை வைத்துக் குதிகாலை அந்தரத்தில் விடுங்கள். இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்க வையுங்கள். விரல் நீலமாகவோ சில்லென்றோ இருந்தால், கட்டுக்குள் நாற்றம் வந்தால், அழுகை ஓயாவிட்டால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். பேச முடியாத குழந்தைக்குத் தசை திடீரென இறுகி இழுப்பதே வலியாக இருக்கலாம்; அதற்குத் தனி மருந்து உண்டு. கட்டைப் பிரித்த பிறகு எலும்பு மெலிந்திருக்கும். முழங்காலை வலுவந்தமாக மடக்காதீர்கள்; அதற்குச் சற்று மேலே திடீரென வீங்கினால் எலும்பு முறிவு என்றே எண்ணி எக்ஸ்ரே எடுங்கள்.