கிணறு, தாங்கி, ஒரு சிப்: முதல் டிஜிட்டல் புரொஜெக்ட்

டிஜிட்டல் ஹார்ட்வெயர் டிசைன் பாடத்தில் புரொஜெக்ட் என்றதும் பாதிப் பேர் டிராபிக் லைட் செய்வார்கள், மீதிப் பேர் டிஜிட்டல் மணிக்கூடு. இரண்டும் நல்ல பயிற்சிதான். ஆனால் யாழ்ப்பாணத்தில் வளவுக்கு வளவு கிணறு, மோட்டர், மேலே ஒரு தண்ணீர்த் தாங்கி. "மோட்டரை நிப்பாட்டு, தண்ணி வழியுது" என்று அம்மா கத்தாத வீடு உண்டா? அதையே புரொஜெக்ட்டாக எடுப்போம். உயர்தரப் பௌதிகவியலில் தர்க்கப் படலை படித்திருந்தால் போதும்.

முதலில் தாளும் பேனையும்

தாங்கியில் இரண்டு மிதவை சுவிட்ச். அடியில் 'கீழ்', வாய்க்குக் கிட்ட 'மேல்'. தண்ணீர் தொட்டால் 1, தொடாவிட்டால் 0. வெறும் கம்பிகளைத் தண்ணீரில் விட்டு உணரலாம் என்று நினைக்காதீர்கள். நம் ஊர்த் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் இருந்து வருவது. கேத்திலின் அடியில் படிவதே கம்பியிலும் படியும், போதாததற்குக் கரண்ட் ஓடி அரித்தும் விடும்.

இனி அட்டவணை. இரண்டும் 0 என்றால் மோட்டர் ஓட வேண்டும். இரண்டும் 1 என்றால் நிற்க வேண்டும். கீழ் 1, மேல் 0 என்றால்? நிரம்பிக்கொண்டிருந்தால் தொடர்ந்து ஓட வேண்டும், குறைந்துகொண்டிருந்தால் நின்றபடியே இருக்க வேண்டும். ஒரே இன்புட்டுக்கு இரண்டு விடை. ஆகவே வெறும் படலைகள் போதாது, முன்பு என்ன நடந்தது என்ற நினைவு வேண்டும். அந்த நினைவுக்குப் பெயர்தான் லாட்ச். 1918இல் எக்கிள்ஸ், ஜோர்டன் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் இரண்டு வால்வுகளை (பழைய ரேடியோவில் இருக்கும் வெற்றிடக் குழாய்) ஒன்றோடொன்று கோத்துக் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்களே, அதே யோசனை. நாம் வால்வுக்குப் பதில் நான்ட் படலை (எல்லா இன்புட்டும் 1 ஆனால் மட்டும் 0 தருவது) போடப் போகிறோம்.

சாமான்

ஒரு பிரெட்போர்ட், 5 வோல்ட் சப்ளை, 74எச்சி00 சிப் ஒன்று (உள்ளே நான்கு நான்ட் படலைகள்), 10 கிலோஓம் தடை இரண்டு (மண்ணிறம், கறுப்பு, செம்மஞ்சள்), 1 கிலோஓம் ஒன்று, 0.1 மைக்ரோபரட் கொள்ளளவி, ஒரு எல்ஈடி, மிதவைகளுக்குப் பதில் இரண்டு சிறிய சுவிட்ச்.

சிப்பின் பெயரில் 'எச்சி' இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். நான் முதல் தடவை கடையில் கொடுத்த 74எல்எஸ்00ஐ அப்படியே வாங்கி வந்து ஒரு பின்னேரம் முழுக்கத் தலையைப் பிய்த்தேன். சுவிட்சைத் திறந்தாலும் மூடினாலும் சிப்புக்கு 1தான். எல்எஸ் வகையில் இன்புட் காலிலிருந்து சிறிது கரண்ட் வெளியே வரும். அது 10 கிலோஓம் வழியாகப் போகும்போது வோல்ட்டேஜ் ஏறிவிடும், 0 ஒருபோதும் 0 ஆகாது. எச்சி வகையில் இந்தத் தொல்லை இல்லை.

வயர் கொடுத்தல்

சிப்பின் வெட்டு இடது பக்கம் இருக்கட்டும். 14ஆம் கால் 5 வோல்ட், 7ஆம் கால் கிரவுண்ட், இரண்டுக்கும் இடையில் கொள்ளளவி. ஒவ்வொரு சுவிட்சின் ஒரு முனை 5 வோல்ட்டுக்கு. மறுமுனையிலிருந்து 10 கிலோஓம் தடை கிரவுண்டுக்கு. அந்த மறுமுனைதான் நம் சிக்னல்.

'மேல்' சிக்னலை 1ஆம், 2ஆம் கால்கள் இரண்டுக்கும் கொடுங்கள். 3இல் அதன் எதிர்மாறு வரும். 'கீழ்' சிக்னலை 4இல் கொடுங்கள். 3ஐ 10இல் கொடுங்கள். அப்புறம் குறுக்கு வயர்கள்: 6இலிருந்து 9க்கு, 8இலிருந்து 5க்கு. லாட்ச் முடிந்தது. மிச்சமிருக்கும் 12, 13 கால்களைக் கிரவுண்டில் கட்டுங்கள், 11ஐச் சும்மா விடுங்கள். மோட்டருக்குப் பதில் எல்ஈடி: 5 வோல்ட்டிலிருந்து 1 கிலோஓம், எல்ஈடி, பிறகு 8ஆம் கால். 8இல் 0 வந்தால் எரியும்.

இரண்டு சுவிட்சையும் திறந்தால் எரியும். கீழ் சுவிட்சை மூடுங்கள், இன்னும் எரியும். மேலையும் மூடுங்கள், அணையும். மேலைத் திறந்தாலும் அணைந்தே இருக்கும். கீழையும் திறந்தால்தான் மறுபடி எரியும். இந்த ஐந்தும் சரியாக வந்தால் ஒரு தேத்தண்ணி குடிக்கலாம்.

ஏன் 6 அல்ல, 8?

6ஆம் காலில் எல்ஈடியைக் கிரவுண்டுக்குப் போட்டாலும் அந்த ஐந்து சோதனைகளும் சரியாகவே வரும். நான் அப்படித்தான் செய்தேன். வைவாவில் (வாய்மொழிப் பரீட்சை) சேர் ஒன்றும் கேட்காமல் 'கீழ்' வயரைப் பிடுங்கிவிட்டு 'மேல்' சுவிட்சை மூடினார். எல்ஈடி எரிந்துகொண்டே நின்றது. "தம்பி, இப்ப வீடெல்லாம் தண்ணி" என்றார்.

வயர் அறுந்தால் கீழ் 0, மேல் 1 என்ற நடக்கக்கூடாத நிலை வரும். அப்போது லாட்ச்சின் இரண்டு அவுட்புட்டும் 1 ஆகிவிடும். 6இலிருந்து எடுத்தால் அந்த 1 'ஓடு' என்று பொருள்படும். 8இலிருந்து எடுத்தால் அதே 1 'நில்'. ஒரு வயரை இடம் மாற்றியதில் தாங்கி தப்பியது. புள்ளி போகுமுன் உங்கள் சர்க்கியூட்டின் ஒவ்வொரு வயரையும் நீங்களே ஒருமுறை பிடுங்கிப் பாருங்கள்.

அடுத்து எஃப்பிஜிஏ

எஃப்பிஜிஏ என்பது உள்ளே இருக்கும் படலைகளை நாமே எழுதி இணைக்கக்கூடிய சிப், அப்படி எழுதும் மொழிகளில் ஒன்று வெரிலாக். இதையே வெரிலாக்கில் எழுதும்போது மூன்று நிலைகள் வையுங்கள்: நிறுத்தம், நிரப்பு, பழுது. கீழ் 0, மேல் 1 என்று வந்தால் பழுதுக்குப் போய், ரீசெட் அழுத்தும்வரை அங்கேயே நிற்கட்டும். சுவிட்சின் சிக்னலை நேரே உள்ளே விடாதீர்கள். அது கிளாக்கை (சிப் முழுக்க ஒரே தாளத்தில் ஓட வைக்கும் துடிப்பு) பார்த்து மாறுவதில்லை. ஆகவே முதலில் இரண்டு பிளிப்-பிளாப் (கிளாக் துடிக்கும்போது மட்டும் மாறும் நினைவு) வழியாக வரட்டும்.

குழாய்த் தண்ணீர் விழும்போது மிதவை ஆடும். ஒரு செக்கன் முழுக்க மாறாமல் இருந்தால் மட்டும் நம்புங்கள். டாங் நானோ 9கே என்ற எஃப்பிஜிஏ போர்டில் கிளாக் 27 மெகாஹெர்ட்ஸ், அதாவது செக்கனுக்கு 2 கோடி 70 லட்சம் எண்ணிக்கை. 25 பிட் கவுண்டர் போதும். இலவசமாகக் கிடைக்கும் இக்காரஸ் வெரிலாக்கில் சிமுலேட் செய்யும்போது அந்த எண்ணை 10 ஆகக் குறைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் விடியும்வரை அலைவடிவம் பார்க்க வேண்டியதுதான்.

கூட்டுத் தர்க்கம் (நினைவு இல்லாத வெறும் படலைகள்) எழுதும் இடத்தில் 'இஃப்' போட்டு 'எல்ஸ்' மறந்தால், டூல் உங்களைக் கேட்காமலே ஒரு லாட்ச் சேர்த்துவிடும். நாம் பாடுபட்டுக் கட்டியது அங்கே தானாக வந்து நிற்கும். இன்னொன்று, எஃப்பிஜிஏ கால்களுக்கு 5 வோல்ட் கொடுக்காதீர்கள், 3.3தான். 230 வோல்ட் மோட்டரை நீங்களே தொட வேண்டாம், அதற்கு எலெக்ட்ரீசியன் இருக்கிறார்.

கிணறு வற்றினால்

தண்ணீர் இல்லாமல் ஓடினால் மோட்டர் கருகும். கிணற்றுக்குள் மூன்றாவது மிதவை சுவிட்ச் ஒன்று வையுங்கள், தண்ணீர் இருந்தால் 1. இப்போது 74எச்சி00ஐக் கழற்றிவிட்டு 74எச்சி10ஐப் போடுங்கள். அதில் மூன்று நான்ட் படலைகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று இன்புட். கால் எண்கள் வேறு, டேட்டாஷீட்டைப் பாருங்கள். நமக்குத் தேவையானதும் மூன்று படலைகள்தான். கிணற்று சிக்னலை எந்தப் படலையில் கொடுத்தால் கிணறு வற்றியதும் மோட்டர் நிற்கும் என்பதைத் தாளில் வரைந்து பார்த்துவிட்டு வயரைத் தொடுங்கள்.