தென்னை நார், பித்: பலரும் சறுக்கும் இடங்கள்

தேங்காய் மட்டையை நார் மில்லில் அடித்தால் நாரோடு தூளும் வரும். எடையில் தூள்தான் அதிகம். பொள்ளாச்சிப் பக்கம் அதைப் ‘பித்’ என்பார்கள். முன்பெல்லாம் சும்மா குவிந்து கிடந்தது, இப்போது கட்டியாக அழுத்திக் கப்பலேறுகிறது. மண்ணுக்கு மாற்று, மண்ணரிப்பைத் தடுக்கும் விரிப்பு, எரிபொருள் என்று நாருக்கும் பித்துக்கும் வேலை கூடிக்கொண்டே போகிறது. இயற்கைப் பொருள்தானே, எப்படிப் பயன்படுத்தினால் என்ன என்ற நினைப்பில்தான் தவறுகள் தொடங்குகின்றன.

மாடித்தோட்டத்தில் முதல் தவறு, கட்டியை ஊறவைத்த கையோடு தொட்டியில் நிரப்புவது. பித்தில் பொட்டாசியம், சோடியம், குளோரைடு உப்புகள் நிறைய இருக்கும். சரி, அலசுகிறோம். முதல் தண்ணீர் டீ டிக்காஷன் போல இறங்கும், மூன்றாவது நான்காவது தண்ணீர் வெளுத்துவிடும். அதோடு உப்பு போய்விட்டது என்று முடிவுகட்டுவார்கள். அந்த நிறம் டானின் என்ற துவர்ப்புப் பொருளுடையது. உப்புக்கு நிறம் கிடையாது. மின்சாரம் கடத்தும் திறனை வைத்துத் தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் ஈசி மீட்டரை, வடிந்த தண்ணீரில் வைத்துப் பார்ப்பதுதான் நம்பகமான வழி.

மீட்டர் குறைவாகக் காட்டினாலும் வேலை முடியவில்லை. பித்தின் துகள்கள் கொஞ்சம் பொட்டாசியத்தையும் சோடியத்தையும் பிடித்து வைத்திருக்கும். வெறும் தண்ணீருக்கு அது லேசில் அசையாது. அப்புறம் நாம் கொடுக்கும் கால்சியத்தைத் துகள் பிடித்துக்கொண்டு, இவற்றை வேர்ப்பக்கம் விடும். செடிக்குக் கால்சியம் போதாமல் தக்காளியின் அடிப்பக்கம் கறுத்து அழுகும். நோய் என்று நினைத்து மருந்தடித்துப் பயனில்லை. கால்சியம் நைட்ரேட் கரைசலில் பித்தை ஓர் இரவு ஊறவைத்து, மறுபடி அலசிவிட்டு நிரப்ப வேண்டும்.

பச்சைப் பித்தை அப்படியே வயலில் கொட்டுவது இன்னொன்று. அதில் கரிச்சத்துக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதம் சுமார் 112:1. அதை மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணில் இருக்கும் தழைச்சத்தை எடுத்துக்கொள்ள, பயிர் வெளிறிப்போகும். மரத்துக்குக் கடினத்தன்மை தரும் லிக்னின் என்ற பொருள் அதிகம் என்பதால் தானாகவும் சீக்கிரம் மட்காது. அந்த லிக்னினை உடைக்கச் சிப்பிக் காளானுக்குத் தெரியும். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் முறையில் ஒரு டன் பித்துக்கு 5 கிலோ யூரியா, 5 புட்டி காளான் வித்து. நூறு நூறு கிலோவாகப் பரப்பி, ஓர் அடுக்கில் வித்து, அடுத்ததில் யூரியா என்று மாற்றி மாற்றித் தூவி, ஈரம் காயாமல் நிழலில் 60 நாள் வைத்தால் கறுத்து, விகிதம் 24:1 அளவுக்கு இறங்கும். மழையில் திறந்து கிடக்கும் குவியலும் சும்மா இருப்பதில்லை. டானினும் உப்பும் மண்ணுக்குள் இறங்கிப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரைக் கெடுக்கும்.

சரிவுகளில் மண் அரிக்காமலிருக்க விரிக்கும் நார் வலைக்கு வருவோம். பந்தல் துணி மாதிரி இழுத்துக் கட்டினால் மேட்டில் மட்டும் ஒட்டும், பள்ளத்தில் தொங்கும். மழைநீர் அடியில் புகுந்து மண்ணை அரித்துக்கொண்டு போகும். வலை எங்கும் மண்ணோடு படிய வேண்டும். மேல் ஓரத்தை ஓர் அடி ஆழக் குழியில் புதைத்து, முளையடிக்க வேண்டும். விதையை விரிப்பதற்கு முன்பே தூவிவிடுவது நல்லது. வலை சில வருடங்களில் மட்கிவிடும். அதற்குள் புல்லின் வேர் மண்ணைப் பிடித்திருக்க வேண்டும். வலையை மட்டும் போட்டு விதையை மறந்த சரிவு, வலை மட்கியதும் பழையபடி சரியும்.

கடைசியாக, எரிபொருள். மில்லிலிருந்து வரும் பித் ஈரத்தில் ஊறியிருக்கும். காயாமல் எரித்தால் அடுப்பின் சூடெல்லாம் தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும். காயவைத்துக் கட்டியாக்கினாலும் அதிலுள்ள பொட்டாசியத்தால் சாம்பல் குறைந்த சூட்டிலேயே உருகி, கொதிகலனில் கட்டிபிடிக்கும். குளோரின் குழாய்களை அரிக்கும். அலசினால் இரண்டும் குறையும். ஆனால் அலசி உலர்த்திய பித்துக்குத் தோட்டக்கலையில் நல்ல விலை இருக்கும்போது அதை அடுப்பில் போடுவானேன்? வேறெதற்கும் ஆகாத கழிவை மட்டும், மற்ற விறகோடு கொஞ்சமாகக் கலந்து எரிக்கலாம்.