ரைம் பிறகு வரட்டும்: குழந்தைகளுக்கு ஆங்கிலக் கவிதை கற்பிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆங்கிலத்தில் ஒரு கவிதை எழுது என்று ஏழு வயதுக் குழந்தையிடம் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் வருவது இப்படித்தான் இருக்கும்: ‘ஐ ஹேவ் எ கேட், ஹி இஸ் ஃபேட், ஹி வேர்ஸ் எ ஹேட்.’ அந்தப் பூனை ஏன் தொப்பி போட்டிருக்கிறது என்று கேட்டால் எழுதிய குழந்தைக்கே தெரியாது. ‘கேட்’ என்பதற்கு ஒத்த ஓசை தேடியபோது அகப்பட்டது தொப்பி, அவ்வளவுதான். வீட்டில் உண்மையிலேயே ஒரு பூனை இருந்து, அலமாரியின் மேல் ஏறிக்கொண்டு இறங்க மறுக்கும் பிடிவாதக்காரப் பூனையாகவே அது இருந்தாலும், இந்த மூன்று வரிகளுக்குள் நுழைய அதற்கு வழியில்லை.

தொடக்கப் பள்ளி வயதில் கவிதை கற்பிக்கும்போது நேரும் தவறுகளில் பெரும்பாலானவை வரிசை மாறுவதால் வருபவை. சொல்வதற்கு ஒரு விஷயம் குழந்தையிடம் சேரும் முன்பே வடிவத்தைக் கேட்கிறோம். வடிவம் வந்ததும் எழுத்துப்பிழையைத் தேடுகிறோம். விஷயம் என்ன என்று கடைசிவரை கேட்பதே இல்லை.

ரைமை முதலில் கேட்பது

நர்சரி ரைம்ஸ் பாடி வளர்ந்த குழந்தைக்கு, வரி முடிவில் ஓசை ஒத்துப்போனால்தான் அது கவிதை. ஆசிரியரும் அதையே சொல்லிவிட்டால் கதவு மூடிவிடும். ரைம் சொற்களைத் தேடி எடுப்பதற்கே நிறையச் சொல்வளம் வேண்டும். ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்கும் குழந்தையின் கையில் இருப்பது சில நூறு சொற்கள். அவற்றுக்குள் ரைம் தேடினால் பூனைக்குத் தொப்பிதான் கிடைக்கும்.

அமெரிக்கக் கவிஞர் கென்னத் கோக் 1968-இல் நியூயார்க் நகரின் பொதுத் தொடக்கப் பள்ளி ஒன்றில் குழந்தைகளுக்குக் கவிதை எழுதக் கற்பிக்கத் தொடங்கியபோது, ரைம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதற்குப் பதிலாக அவர் கொடுத்தது, ஒவ்வொரு வரியும் ஒரே சொற்றொடரில் தொடங்க வேண்டும் என்ற ஏற்பாடு. ‘ஐ விஷ்’ என்று தொடங்கு. வரிக்குள் ஒரு நிறமும் ஒரு சித்திரக்கதைப் பாத்திரமும் ஓர் ஊரோ நாடோ வரட்டும். ஆளுக்கு ஒரு வரி, சேர்த்துப் படித்தால் வகுப்பின் கவிதை. இன்னொரு பயிற்சியில் ‘ஐ யூஸ்ட் டு’ என்று ஒரு வரி, ‘பட் நவ்’ என்று அடுத்த வரி. முன்பு நான் இப்படி இருந்தேன், இப்போது இப்படி இருக்கிறேன். இறந்தகாலமும் நிகழ்காலமும் இலக்கணப் பாடம் என்ற பெயரே இல்லாமல் குழந்தையின் கைக்கு வந்துவிடுகின்றன. திரும்பத் திரும்ப வரும் அந்தத் தொடக்கமே ஓசையையும் பார்த்துக்கொள்கிறது.

ரைமே கூடாது என்று சொல்ல வரவில்லை. அதைக் கற்பிக்கும் நாள் வரும்போது இன்னொரு தவறு காத்திருக்கிறது: கண்ணால் ரைம் தேட விடுவது. காஃப், தோ, த்ரூ, பௌ ஆகிய நான்கு சொற்களும் ஆங்கில எழுத்தில் ஒரே நான்கு எழுத்துகளில் (ough) முடிகின்றன. ஒன்றோடொன்று ஓசை ஒத்துப்போவதில்லை. ப்ளூ, ஷூ, த்ரூ, ட்டூ ஆகியவற்றின் முடிவெழுத்துகள் வேறுவேறு, ஓசையோ ஒன்றுதான். எனவே ரைம் பாடத்தை நோட்டுப் புத்தகத்தை மூடிவைத்து, வாயால் சொல்லித்தான் தொடங்க வேண்டும்.

தமிழ்ச் செய்யுளில் பழகிய காதுக்கு இதில் ஒரு தடுமாற்றம் வரலாம். நமக்கு எதுகையும் மோனையும் பெரும்பாலும் சீரின் தொடக்கத்தில் நிற்பவை. ஆங்கில ரைம், அடியின் முடிவில் வரும் இயைபுக்கு நெருக்கமானது. மோனைக்கு நெருக்கமானதும் ஆங்கிலத்தில் உண்டு. சிறு குழந்தைக்கு ரைமைவிட அதுவே எளிது. ‘எ ஸ்லோ ஸ்னேக் ஸ்லிப்ஸ் அண்டர் த ஸ்டோன்’ என்பது போன்ற வரிக்கு, ‘எஸ்’ எழுத்தில் தொடங்கும் சொற்கள் நாலைந்து தெரிந்தால் போதும்.

ஒரு குழந்தை ‘ஆரஞ்ச்’ அல்லது ‘மன்த்’ என்று வரியை முடித்துவிட்டு ரைம் கிடைக்காமல் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தால் உதவிக்குப் போய்விடுங்கள். அந்தச் சொற்களுக்கு முழுமையாக ஒத்த அன்றாடச் சொல் ஆங்கிலத்தில் இல்லை. சொல்லை வரியின் நடுவுக்கு நகர்த்தினால் சிக்கல் தீர்ந்தது.

விரல்விட்டு எண்ணும் ஹைக்கூ

சிறியது, எனவே எளியது என்ற நம்பிக்கையில் ஹைக்கூ என்ற ஜப்பானியக் குறுங்கவிதை வடிவத்தைக் குழந்தைகளிடம் கொடுத்துவிடுகிறார்கள். மூன்று வரிகளுக்கு முறையே ஐந்து, ஏழு, ஐந்து சிலபிள் (சொல்லை உச்சரிக்கும்போது பிரியும் ஒலித்துண்டு) என்று பலகையில் எழுதியவுடன் அது கணக்கு வகுப்பாகிவிடுகிறது. எண்ணிக்கை குறைந்தால் ‘வெரி’ ஒன்றைச் சொருகுவது, மிஞ்சினால் இருப்பதிலேயே நல்ல சொல்லை வெட்டுவது. ‘சாக்லேட்’ என்பதில் இரண்டு சிலபிளா மூன்றா, ‘ஃபயர்’ ஒன்றா இரண்டா என்று சண்டை வேறு. அதில் இரு தரப்பும் சரி, உச்சரிப்பைப் பொறுத்தது.

ஜப்பானியர் எண்ணுவது ஆங்கில சிலபிளை அன்று. அதைவிடச் சிறிய ஓர் ஒலி அலகை. ‘டோக்கியோ’ என்ற பெயர் அவர்கள் கணக்கில் நான்கு அலகு, ஆங்கிலக் காதுக்கு இரண்டோ மூன்றோதான். எனவே 5-7-5 என்பதை ஆங்கிலத்தில் அப்படியே பிடித்தால் மூலத்தைவிடக் கனமான கவிதை கிடைக்கிறது. ஆங்கிலத்தில் ஹைக்கூ எழுதும் கவிஞர்கள் பலர் பதினேழுக்கும் குறைவாகவே எழுதுகிறார்கள். தமிழ் யாப்பு படித்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: நம் அசையும் ஆங்கில சிலபிளும் ஒன்றல்ல. ‘நிலா’ நமக்கு ஒரே நிரையசை. ஆங்கிலக் கணக்கில் அது இரண்டு சிலபிள்.

ஹைக்கூவில் குழந்தைக்குப் பயன்படுவது எண்ணிக்கையைவிட அதன் உள்ளமைப்புதான். இரண்டு காட்சிகள், நடுவில் ஒரு வெட்டு, எந்தப் பருவகாலம் என்பதைக் காட்டும் ஒரு சொல். மூன்று குறு வரிகள், இரண்டு காட்சிகள், ‘ஐ ஃபீல்’ என்று எழுதக் கூடாது: எட்டு வயதுக்கு இந்த விதிகள் போதும்.

பெயரின் எழுத்துகளை மேலிருந்து கீழாக எழுதி ஒவ்வொன்றுக்கும் ஒரு புகழ்ச் சொல் போடும் பயிற்சியும் இதே வகை. அன்பானவள், அழகானவள், புத்திசாலி என்று எந்தக் குழந்தைக்கும் பொருந்தும் பட்டியல் வரும். ஒவ்வோர் எழுத்திலும் ஒரு வாக்கியத்தைத் தொடங்கச் சொல்லுங்கள். ‘அண்ட்’, ‘இஃப்’ போன்ற சிறு சொற்களில் தொடங்கவும் அனுமதியுங்கள். உடனே வேறுபாடு தெரியும்.

பெரிய தலைப்பும் பெரிய சொல்லும்

‘நேச்சர்’, ‘மை மதர்’, ‘ஃப்ரெண்ட்ஷிப்’. இந்தத் தலைப்புகள் குழந்தையிடமிருந்து வாழ்த்து அட்டையைத்தான் வரவழைக்கும். அம்மாவைப் பற்றி எழுது என்பதற்குப் பதில், அம்மா சாவியைத் தேடும்போது என்னென்ன செய்கிறார் என்று எழுதச் சொல்லுங்கள். தலைப்பு எவ்வளவு சிறிதோ அவ்வளவு நல்லது: ஒரு செருப்பு, தூங்குவதற்குச் சற்று முந்தைய நேரம், பையின் அடியில் கிடப்பவை.

அடுத்த தவறு, ‘பிக்’ வேண்டாம், ‘கலாசல்’ எழுது என்று சொல்லிக்கொடுப்பது. கனமான சொல் கனமான கவிதையைத் தருவதில்லை. அகராதி வாடைதான் வரும். குழந்தை ‘த ரெயின் இஸ் பியூட்டிஃபுல்’ என்று எழுதினால், அந்த இடத்தில் வேறு பெயரடை தேட வேண்டாம். கேள்வி கேளுங்கள். மழை பெய்தது எப்படித் தெரிந்தது? எங்கே நின்றிருந்தாய்? எது நனைந்தது? எது கேட்கவில்லை? கொஞ்ச நேரத்தில் ‘ரெயின் ஆன் த டின் ரூஃப், ஐ காண்ட் ஹியர் மை சிஸ்டர்’ என்பது போல ஒன்று வரக்கூடும். அதில் ஒரு கடினச் சொல்கூட இல்லை.

இந்தப் பேச்சை எந்த மொழியில் நடத்துவது? வீட்டு மொழியில்தான். கவிதை வகுப்பிலும் ஆங்கிலத்தில் மட்டுமே பேச வேண்டும் என்று கட்டளையிட்டால், குழந்தை தான் பார்த்ததைச் சொல்லாது. தனக்கு ஆங்கிலத்தில் தெரிந்ததை மட்டும் சொல்லும். பேசுவதும் குறிப்பெடுப்பதும் எந்த மொழியிலும் இருக்கட்டும். எழுதும்போது சொல் கிடைக்காவிட்டால் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு மேலே போகலாம். ஆனால் முழுக் கவிதையையும் வீட்டு மொழியில் எழுதிவிட்டு ஆங்கிலத்துக்கு மாற்றச் சொல்லக் கூடாது. அது குழந்தையின் சக்திக்கு மீறிய வேலை.

ஒரே ஒரு மாதிரிக் கவிதை

ஒரு கவிதையை வாசித்துக் காட்டிவிட்டு, இதுபோல எழுதுங்கள் என்றால், வகுப்பு முழுவதும் அதன் நகல்களைத் தரும். ஒன்றுக்கொன்று மாறுபட்ட இரண்டு மூன்று கவிதைகளையாவது காட்ட வேண்டும். அவற்றின் கருத்து என்ன, கவிஞர் சொல்ல வருவது என்ன என்று வரிக்கு வரி பிழியவும் வேண்டாம்; எந்த வரி பிடித்தது என்று கேட்டு, அதை இன்னொரு முறை உரக்கப் படித்தால் போதும்.

இதைவிட முக்கியமாக நான் நினைப்பது, ஆசிரியர் பலகையில் குழந்தைகளோடு சேர்ந்து ஒரு கவிதையை எழுதிக் காட்டுவது. ஒரு வரி எழுதி, உரக்கப் படித்து, பிடிக்கவில்லை என்று அழித்து, வேறு சொல் கேட்டு, மறுபடி எழுத வேண்டும். முன்பே தயாரித்து வந்து பிழையில்லாமல் எழுதிக் காட்டினால் பயனில்லை. அழிப்பதும் எழுதுவதன் பகுதி என்பதை வேறு எந்த வழியிலும் இந்த வயதில் புரியவைக்க முடியாது. வரியை எங்கே உடைப்பது என்பதையும் இங்கேயே காட்டிவிடலாம். ஒரே வாக்கியத்தை மூன்று இடங்களில் உடைத்து எழுதி, ஒவ்வொன்றையும் படித்துப் பார்த்து, எது பிடிக்கிறது என்று அவர்களையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

உரக்கப் படிப்பதில் ஒரு நுணுக்கம். ஆங்கிலச் சொல்லில் எங்கோ ஓரிடத்தில் அழுத்தம் விழும்: ‘பனானா’வில் நடுவில், ‘எலிஃபன்ட்’டில் முதலில். எல்லாச் சிலபிளையும் சமமாக ஒலித்துப் படித்தால் கவிதையின் தாளம் காதில் விழாது. அழுத்தம் விழும் இடத்தில் மட்டும் கை தட்டச் சொல்லுங்கள். விதியாகக் கற்பிக்கத் தேவையில்லை.

சிவப்பு மை

‘த விண்ட் இஸ் ரீடிங் மை புக் ஃபாஸ்ட்’ என்று ஒரு குழந்தை எழுதுகிறது என்று வைத்துக்கொள்வோம். காற்று படிக்காது, பக்கங்களைப் புரட்டும் என்று அதைத் திருத்தி, ‘த விண்ட் டர்ன்டு த பேஜஸ் க்விக்லி’ என்று எழுதிவைக்கும் பெரியவர்கள் உண்டு. இலக்கணத்தில் இரண்டுமே சரிதான். கவிதை முதல் வாக்கியத்தில் மட்டும்தான் இருந்தது.

முதல் பிரதியில் எழுத்துப்பிழையைத் தொடவே கூடாது. தொட்டால், அடுத்த முறை குழந்தை பிழையில்லாமல் எழுதத் தெரிந்த சொற்களை மட்டுமே எழுதும். ‘டைனோசர்’ இருந்த இடத்தில் ‘டாக்’ வந்து நிற்கும். பொருள் புரியவில்லை என்றால் மட்டும் கேளுங்கள். சுவரில் ஒட்டவோ பத்திரிகைக்கு அனுப்பவோ நகல் எடுக்கும் நாளில், இருவரும் உட்கார்ந்து பிழைகளைச் சரிசெய்யலாம். அப்போது அந்த வேலைக்குக் காரணம் இருப்பது குழந்தைக்கே தெரியும்.

வெறும் ‘வெரி குட்’டும் உதவாது. எந்த வரி நன்றாக இருக்கிறது, ஏன் என்று சொல்லுங்கள். ‘காற்று படிக்கிறது என்று எழுதியிருக்கிறாயே, இதுவரை நான் அப்படி நினைத்ததில்லை’ என்றால், அந்தக் குழந்தை அடுத்த கவிதையிலும் அதைத் தேடும். கடைசி வரியில் நீதி சேர்க்கச் சொல்லும் பழக்கத்தையும் விட்டுவிடலாம். மரத்தைப் பற்றிய கவிதையெல்லாம் ‘சேவ் ட்ரீஸ்’ என்று முடிய வேண்டியதில்லை.

எழுதியதை எல்லோர் முன்பும் படிக்க மறுக்கும் குழந்தையை வற்புறுத்தாதீர்கள். அனுமதி கேட்டு நீங்கள் படியுங்கள், அல்லது தோழி படிக்கட்டும். இன்னொருவர் வாயில் தன் வரியைக் கேட்கும்போதுதான் எங்கே தடுக்குகிறது என்று அதற்கே தெரியும். பல குழந்தைகள் அந்த நிமிடத்திலேயே பென்சிலை எடுத்துவிடுகிறார்கள்.