மேக்புக்கும் ஓப்பன் சோர்ஸும்: சறுக்கும் இடங்கள்

ஆப்பிளின் மூடிய மென்பொருள் ஓடும் மேக்புக்கைத் திறந்து வைத்துக்கொண்டு கட்டற்ற மென்பொருளுக்காக, அதாவது மூல நிரலை எவரும் பார்த்து மாற்றக்கூடிய ஓப்பன் சோர்ஸுக்காகப் பேசினால், "முதலில் அதை மூடி வை" என்று யாராவது சொல்லத்தான் செய்வார்கள். கூச்சப்பட்டு உடனே லேப்டாப்பை மாற்ற ஓடுவதுதான் முதல் தவறு. லினக்ஸ் ஓடும் லேப்டாப்பிலும் வைஃபை சில்லுக்குள் ஓடும் ஃபர்ம்வேர் என்ற சிறு மென்பொருள் பெரும்பாலும் மூடியதுதான், மூல நிரல் கிடைக்காது. இன்டெல் சில்லு என்றால் உள்ளே மேனேஜ்மென்ட் எஞ்சின் என்ற மூடிய துணைக் கணினி தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். கொள்கைப் பிடிப்புக்குப் பேர்போன லினக்ஸ் வகையான டெபியனே 2022-இல் வாக்கெடுப்பு நடத்தி, 2023-இல் வந்த 12-ஆம் பதிப்பின் நிறுவியில் மூடிய ஃபர்ம்வேரைச் சேர்த்துவிட்டது. நூற்றுக்கு நூறு சுத்தம் எவரிடமும் இல்லை.

"மேக் ஓஎஸ்ஸும் பாதி ஓப்பன் சோர்ஸ்தானே" என்று சமாளிப்பதும் வேண்டாம். அதன் மையக் கருவான கெர்னலின் மூல நிரல் கிடைக்கிறது, சஃபாரி உலாவியின் எஞ்சினான வெப்கிட், கேடிஈ என்ற கட்டற்ற திட்டத்தின் கேஎச்டிஎம்எல்லிலிருந்து பிறந்தது, எல்லாம் சரி. நாம் கண்ணால் பார்க்கும் மேல்தளம் முழுக்க மூடியதுதான்.

"இப்போதைக்கு வாங்குவோம், அப்புறம் லினக்ஸ் போட்டுக்கொள்ளலாம்" என்ற கணக்கு இன்னும் ஆபத்தானது. 2022 ஜூலையில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அதன் 5.19 கெர்னலை, ஆப்பிள் சில்லு மேக்புக்கில், அந்தச் சில்லுக்கென்றே உருவாகும் அசாஹி லினக்ஸை ஓட்டி வெளியிட்டார். அந்தச் செய்தியை நம்பிப் புது மாடலை வாங்கிவிடாதீர்கள். ஆப்பிள் தன் சில்லுகளுக்கு ஆவணம் தருவதில்லை. அசாஹி குழு ஒவ்வொன்றையும் தோண்டித் துருவித்தான் கண்டுபிடிக்கிறது. எம்1, எம்2 சில்லுகளுக்கு வந்த ஆதரவு அடுத்த தலைமுறைகளுக்கு அதே வேகத்தில் வரவில்லை. வாங்கும் முன் அவர்களுடைய ஆதரவுப் பட்டியலில் உங்கள் மாடலைத் தேடிப் பாருங்கள்.

நிரல் எழுதிப் பங்களிப்பவர்கள் சறுக்குவது வேறு இடத்தில். மேக்கின் கோப்பு முறைமை, நீங்கள் மாற்றாதவரை, பெரிய எழுத்து சின்ன எழுத்து வேறுபாடு பார்க்காது. கோப்பின் பெயர் பெரிய எழுத்தில் தொடங்க, அதை அழைக்கும் வரியில் சின்ன எழுத்தைப் போட்டிருந்தாலும் உங்களிடம் ஓடும். லினக்ஸில் அதே நிரல் "அப்படி ஒரு கோப்பே இல்லை" என்று நின்றுவிடும். நீங்கள் அனுப்பிய மாற்றத்தால் திட்டத்தின் தானியங்கிச் சோதனைகள் தோற்றுச் சிவப்பாக, எவரோ ஒரு தன்னார்வலரின் மாலை வீணாகும்.

எதிர்த்திசையிலும் இதே கதை: லினக்ஸில் ஓடுவது மேக்கில் விழும். ஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமத்தின் மூன்றாம் பதிப்பைத் தவிர்ப்பதற்காக ஆப்பிள், ஸ்கிரிப்டுகளை ஓட்டும் பேஷ் என்ற நிரலின் 3.2 பதிப்பிலேயே நின்றுவிட்டது. பெயரைக் கொண்டு மதிப்பைத் தேடும் அசோசியேட்டிவ் அரே வசதி வந்ததோ 2009-இல் வெளியான பேஷ் 4-இல். ஆகவே பிறர் எழுதிய ஸ்கிரிப்ட் உங்கள் மேக்கில் ஓடாமல் விழுந்தால், "உங்கள் நிரலில் பிழை" என்று புகார் போடுவதற்கு முன் பேஷ் பதிப்பைப் பாருங்கள். மேக்கிலேயே ஒரு லினக்ஸ் மெய்நிகர் கணினியை வைத்து, அதில் ஓட்டிப் பார்த்த பிறகு மாற்றத்தை அனுப்புவது மரியாதை.

கடைசியாக, ஆவணங்கள். லேப்டாப் நாலைந்து வருடத்தில் போய்விடும், கோப்புகள் கூடவே வரும். எல்லாவற்றையும் ஆப்பிளின் பேஜஸிலும் கீநோட்டிலும் எழுதிக் குவித்தால், வேறு கணினிக்கு மாறும் நாளில் அவற்றை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். கட்டற்ற ஆபீஸ் தொகுப்பான லிப்ரே ஆபீஸ் மேக்கிலும் நன்றாகவே ஓடுகிறது. அது சேமிக்கும் ஓடிஎஃப் வடிவம் 2006 முதல் ஐஎஸ்ஓ ஏற்ற சர்வதேசத் தரம். புதிதாக எழுதுவதையாவது இன்றிலிருந்து அதில் எழுதலாம்.