குன்னூர் ஏற்றத்தில் டர்போ காருக்கு மைலேஜ் எடுப்பது எப்படி

"வண்டி என்ன மைலேஜ் கொடுக்குது?" என்று யாராவது கேட்டால் நான் மூன்று எண்கள் சொல்வேன். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும்போது லிட்டருக்கு எட்டு. இறங்கும்போது முப்பதுக்கு மேல். கோவை போய், அங்கே சுற்றி, மறுபடி மலையேறி வந்த மொத்தக் கணக்கில் பதின்மூன்று. முதல் எண்ணைக் கேட்டு உச்சுக் கொட்டுவார்கள், இரண்டாவதை நம்ப மாட்டார்கள். மூன்றாவதுதான் வண்டியின் மைலேஜ். அதை எப்படிச் சரியாக அளப்பது, அளந்தபிறகு எப்படிக் கூட்டுவது என்று எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

என்னுடையது 2017 ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். 230. இரண்டு லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின், 230 குதிரைத்திறன், 350 நியூட்டன் மீட்டர் டார்க் (எஞ்சினின் சுழற்று விசை), ஆறு கியர் டி.எஸ்.ஜி. (தானே கியர் மாற்றும் இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ்). செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். குன்னூர் பக்கம் ஒரு டீ ஃபேக்டரியில் கணக்கு எழுதுகிறேன். வேலைக்கு நடந்தே போய்விடுவேன். சனிக்கிழமை மட்டும் கோவையில் இருக்கும் அக்கா வீட்டுக்கு இறங்குவேன். சுமார் 150 கிலோமீட்டர். டேஷ்போர்டில் ஒரு நோட்டு இருக்கிறது. வாங்கிய நாளிலிருந்து போட்ட பெட்ரோல் ஒவ்வொரு சொட்டும் அதில் இருக்கிறது.

முதலில் அளப்பது. டேங்க் டு டேங்க் முறை எல்லோருக்கும் தெரியும்: ஃபுல் பண்ணி, ட்ரிப் மீட்டரை பூஜ்யமாக்கி, ஓட்டி, மறுபடி ஃபுல் பண்ணி, ஓடிய கிலோமீட்டரைப் போட்ட லிட்டரால் வகுப்பது. மலையில் இதில் இரண்டு தப்பு நடக்கும். ஒன்று, கீழே ஃபுல் பண்ணி மேலே வந்து ஃபுல் பண்ணுவது. அப்போது கிடைப்பது ஏற்றத்தின் கணக்கு, வண்டியின் கணக்கு இல்லை. கிளம்பிய உயரத்துக்கே திரும்பி வந்து போட்டால்தான் எண்ணுக்கு அர்த்தம். இன்னொன்று, சரிவில் இருக்கும் பங்க். வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நின்றால் டேங்கில் காற்று ஒரு மூலையில் தங்கிவிடும், நாஸில் சீக்கிரமே ஆட்டோ கட் ஆகிவிடும். ஒரு லிட்டர் இப்படி அப்படிப் போனாலே, பன்னிரண்டு லிட்டர் போடும் இடத்தில் எண் தாறுமாறாகிவிடும். அதனால் மேட்டுப்பாளையத்தில் சமதளத்தில் எப்போதும் ஒரே பங்க், முடிந்தால் ஒரே பம்ப், முதல் ஆட்டோ கட்டிலேயே நிறுத்தச் சொல்வது, அதற்குமேல் ரவுண்டாக்க விடாமல் இருப்பது என்று வைத்திருக்கிறேன். சனிக்கிழமை இறங்கும்போது போடுவேன், அடுத்த சனிக்கிழமை அதே இடத்தில் மறுபடி.

காரின் திரையில் வரும் சராசரி எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். என் வண்டியில் அது கிட்டத்தட்ட ஆறு சதவீதம் கூட்டிக் காட்டுகிறது. ஐந்தாறு தடவை டேங்க் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தால் உங்கள் வண்டி எவ்வளவு கூட்டிச் சொல்கிறது என்று பிடிபடும். அதைக் கழித்துக்கொண்டால் ஏற்றத்துக்குத் தனியாக, இறக்கத்துக்குத் தனியாகப் பார்க்க அந்தத் திரை போதும்.

கம்பெனி சொல்லும் ஏ.ஆர்.ஏ.ஐ. (வாகனங்களைச் சோதிக்கும் நிறுவனம்) எண்ணோடு இதை ஒப்பிட்டு மனசு கஷ்டப்பட வேண்டாம். அது ஆய்வுக்கூடத்தில் உருளைகள் மேல் ஓட்டி எடுத்தது. ஏற்றம் கிடையாது, வேகம் 90-க்கு மேல் போகாது, மலைப்பாதை நடுவில் இருக்கும் பர்லியாறில் பழம் வாங்க நிற்கும் வண்டிகளும் அங்கே கிடையாது.

இப்போது ஏற்றம். இதில் ஒரு பகுதி யாராலும் குறைக்க முடியாத செலவு. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர், குன்னூர் சுமார் 1,850. ஆக, 1,600 கிலோ வண்டியை (நானும் அப்பாவும் சேர்த்து) 1,500 மீட்டர் தூக்க வேண்டும். அதற்கு ஆகும் ஆற்றல் கிட்டத்தட்ட 23.5 மெகாஜூல். ஒரு லிட்டர் பெட்ரோலில் 32 மெகாஜூல் இருக்கிறது, ஆனால் சக்கரத்துக்கு வந்து சேருவது கால் பங்குக்குச் சற்று மேல், ஒன்பது என்று வைத்துக்கொள்ளலாம். வகுத்தால் 2.6 லிட்டர். தூக்குவதற்கு மட்டும் இவ்வளவு. எவ்வளவு மெதுவாகப் போனாலும், எந்தக் கியரில் போனாலும், இதைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். சாலையில் உருள்வதற்கும் எஞ்சின் தன்னைத்தானே சுற்றிக்கொள்வதற்கும் சேர்த்து என் நோட்டில் நல்ல நாளில் 4.2 லிட்டர் வருகிறது. நம் கையில் இருப்பது அந்த மீதி 1.6 லிட்டர்தான். மோசமாக ஓட்டினால் அது மூன்றாகவும் ஆகும்.

இன்னும் மூன்று பேரும் பெட்டிகளும் ஏறினால், 250 கிலோ கூடுதல் என்றால், 0.4 லிட்டர் கூடும். அதைவிட, டேங்கைப் பாதியாக வைத்துக்கொண்டு எடை குறைக்கிறேன் என்பவர்களுக்கு: 25 லிட்டர் பெட்ரோல் 18 கிலோ. இந்த ஏற்றத்தில் அதனால் மிச்சமாவது 30 மில்லி. அதற்காக அடிக்கடி பங்க்கில் போய் நிற்க வேண்டாம்.

எனக்கே ஆச்சரியமாக இருந்த கணக்கு ஒன்று உண்டு. இந்தச் சாலையில் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் சீராக ஏற, சராசரியாக எவ்வளவு சக்தி வேண்டும்? போட்டுப் பார்த்தால் பதினைந்து குதிரைத்திறன்கூட வேண்டாம். மீதி 215 சும்மா கூட வருகிறது. வேகமான கார்கள் பெட்ரோல் குடிப்பதற்கு முக்கியக் காரணமே இதுதான். பெரிய எஞ்சினை மிக லேசான வேலைக்கு வைத்தால் அது திறமையாக வேலை செய்யாது. அதற்கு மருந்து, கியரை உயர்த்தி, எஞ்சின் நிமிஷத்துக்குச் சுற்றும் சுற்றுகளை (ஆர்.பி.எம்.) குறைத்து, ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் அதிக வேலை கொடுப்பது. என் வண்டியில் 1,500 சுற்றைத் தாண்டியதுமே டார்க் முழுசாக வந்துவிடும். நாற்பதில் மூன்றாவது கியர் போட்டால் முள் 2,000-ஐ ஒட்டி நிற்கும். ஏற்றத்தின் பெரும்பகுதிக்கு அதுவே போதும். ஸ்போர்ட் மோடில் வைத்தால் இதே இடத்தில் கியர் இறங்கி 3,000-க்கு மேல் கத்தும், வேகம் அதேதான். அதற்காக 1,300 சுற்றில் நான்காவது கியரில் மிதித்து ஏற்றவும் கூடாது. டர்போ எஞ்சினைக் குறைந்த சுற்றில் முழுப் பாரத்தில் திணறவிட்டால் உள்ளே தட்ட ஆரம்பிக்கும், பிஸ்டனுக்கே ஆபத்து. 1,800-லிருந்து 2,500-க்குள் வைத்திருங்கள். ஆக்ஸிலேட்டரைத் தரை வரை மிதிக்காதீர்கள். முழு பூஸ்ட்டில் டர்போவைக் குளிர்விக்கவே எஞ்சின் கூடுதல் பெட்ரோல் தெளிக்கும்.

ஏ.சி.யும் இந்தக் கணக்கில்தான் வருகிறது. பதினைந்து குதிரை தேவைப்படும் இடத்தில் கம்ப்ரஸர் இரண்டு மூன்றை எடுத்துக்கொண்டால் அது சின்னத் தொகை இல்லை. மலையடிவாரத்துக் கல்லாறு தாண்டி குளிர்காற்று வர ஆரம்பித்ததும் ஏ.சி.யை அணைத்து ஜன்னலை இறக்கிவிடுவேன். கீழே காரமடைச் சாலையில் எண்பதில் போகும்போது தலைகீழ்: ஜன்னலை ஏற்றி ஏ.சி. போடுவதுதான் லாபம்.

ஆனால் கியரையும் ஏ.சி.யையும்விடப் பெரிய விஷயத்தை எனக்குச் சொன்னவர் அப்பா. முப்பது வருஷம் ஊட்டி கேரட்டும் உருளைக்கிழங்கும் மேட்டுப்பாளையம் மண்டிக்கு லாரியில் இறக்கியவர். வண்டி வாங்கிய புதிதில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். பர்லியாறுக்குக் கீழே ஒரு கொண்டை ஊசி வளைவில் இருந்து வெளியே வந்து ஒரு மிதி மிதித்தேன், வண்டி பாய்ந்தது, அடுத்த வளைவு வந்ததும் பிரேக் அடித்தேன். அப்பா மெதுவாகக் கேட்டார்: "கண்ணு, இப்ப பிரேக் மிதிச்சியே, அதுக்கு முன்னாடி எதுக்கு ஆக்ஸிலேட்டரு?"

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். 20-லிருந்து 60-க்கு 1,600 கிலோ வண்டியைக் கொண்டுபோக 22 மில்லி பெட்ரோல் ஆகிறது. இருமல் மருந்து மூடியில் இரண்டு மூடி. அடுத்த வளைவில் பிரேக் அதை முழுசாகச் சூடாக்கிக் காற்றில் விட்டுவிடும். 14 கொண்டை ஊசிகளில் மட்டும் செய்தாலே கால் லிட்டருக்கு மேல், நடுவில் இருக்கும் நூற்றுக்கணக்கான வளைவுகளைச் சேர்த்தால் லிட்டர் கணக்கு.

அதனால் நான் செய்வது இது. வளைவின் வேகம் எதுவோ அதற்குப் பக்கத்திலேயே நேர்ச் சாலையையும் ஓட்டுவது. வளைவு 20 என்றால் இடையில் 38, 40. ஏற்றத்தில் காலை எடுத்தாலே வண்டி தானாகக் குறைகிறது, வளைவுக்கு நாற்பது ஐம்பது மீட்டர் முன்னால் எடுத்துவிட்டால் பிரேக்கே வேண்டியிருக்காது. வளைவுக்குள் மெதுவாகக் காலை வைத்து, வெளியே வரும்போது அந்த டார்க்கில் மிதந்து ஏறுவது. இப்படி ஓட்டினால் ஏறும் நேரம் ஐந்தாறு நிமிஷம்தான் கூடுகிறது. முன்னால் பஸ் போனால் அதுவும் கூடுவதில்லை. பஸ்ஸின் பின்னால் ஒட்டிக்கொள்ளாமல் நல்ல இடைவெளி விடுங்கள். அது வளைவில் நின்று திரும்பும் நேரத்தில் நீங்கள் நிற்காமல் உருண்டுகொண்டே இருக்கலாம். கல்லாறுக்கும் பர்லியாறுக்கும் நடுவில் யானை நின்றால் மட்டும் இந்த மைலேஜ் யோசனையெல்லாம் விட்டுவிட்டு, தூரமாக நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருங்கள்.

இறக்கத்துக்கு வருவோம். இங்கேதான் பலர் நியூட்ரல் போடுகிறார்கள், பெட்ரோல் மிச்சம் என்று. இது தப்பு, உயிருக்கும் ஆபத்து. கியரில் இருக்கும்போது ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை முழுசாக எடுத்தால் இன்றைய எஞ்சின்கள் பெட்ரோலையே நிறுத்திவிடும், சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றும். திரையை 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று மாற்றி வைத்துப் பாருங்கள், எண் பூஜ்யமாகும். நியூட்ரலில் போட்டால் எஞ்சின் ஐடிலில் ஓட மணிக்கு முக்கால் லிட்டருக்கு மேல் குடிக்கும், வண்டியைப் பிடிக்க பிரேக் மட்டும்தான் இருக்கும். 1,500 மீட்டர் இறங்கும் வண்டியின் மொத்த ஆற்றலும் பிரேக் தட்டில்தான் சூடாகும். கருகின வாசனை, பிறகு பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். ஏறிய கியரிலேயே இறங்கு என்பது லாரிக்காரர்கள் பாடம். டி.எஸ்.ஜி.யிலும் அப்படித்தான்: கியரை மேனுவலுக்குத் தள்ளி இரண்டு அல்லது மூன்றில் பிடியுங்கள். வளைவுக்கு முன் பிரேக்கை ஒரு தடவை அழுத்தமாக மிதித்து விடுங்கள், லேசாக இழுத்துக்கொண்டே வராதீர்கள். இப்படி வந்தால் குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் வரை 34 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர்கூட ஆவதில்லை.

டயர் காற்றில் ஒரு சந்தேகம் பல நாளாக இருந்தது. கீழே 35 டிகிரி வெயிலில் காற்று பிடித்து மேலே 12 டிகிரிக்கு வந்தால் அழுத்தம் குறையுமே, மறுபடி பிடிக்க வேண்டுமா? குளிரால் மூன்றரை பி.எஸ்.ஐ. போல இறங்குகிறது. ஆனால் மேலே வெளிக்காற்றின் அழுத்தமும் குறைவு. கேஜ் காட்டுவது உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான், அதனால் உயரம் இரண்டரை பி.எஸ்.ஐ. போல ஏற்றிவிடுகிறது. மிஞ்சும் குறைவு ஒன்றுதான். கதவுச் சட்டத்திலோ டேங்க் மூடியிலோ எழுதியிருக்கும் எண்ணை, டயர் ஆறியிருக்கும் காலையில், உங்கள் ஊரில் பிடித்தால் போதும். இறங்கி முடித்த கையோடு மட்டும் பிடிக்காதீர்கள், டயர் சுட்டிருக்கும்.

காலையில் குளிர் என்று ஐந்து நிமிஷம் நின்ற இடத்திலேயே எஞ்சினை ஓடவிடுவதால் பயனில்லை. அரை நிமிஷம் போதும், பிறகு மென்மையாக ஓட்டிச் சூடாக்குவதுதான் சீக்கிரம் சூடாகும். ஒன்று இரண்டு கிலோமீட்டர் ஓட்டங்களில் எஞ்சின் சூடாவதற்குள்ளேயே ஊர் வந்துவிடும், அந்த ஓட்டங்களில் மைலேஜ் ஐந்து ஆறுதான். கடைக்கு நடந்துவிடுங்கள்.

கடந்த சில வருஷத்தில் எண் கொஞ்சம் இறங்கியிருந்தால் உடனே மெக்கானிக்கிடம் ஓட வேண்டாம். பெட்ரோலில் எத்தனால் கலப்பு 2025-இல் 20 சதவீதத்தை எட்டிவிட்டது. எத்தனாலில் பெட்ரோலின் மூன்றில் இரண்டு பங்கு ஆற்றல்தான், அதனால் எத்தனால் கலக்காத பெட்ரோலைவிட ஒரு லிட்டரில் இருக்கும் ஆற்றலே ஆறேழு சதவீதம் குறைவு, பத்து சதவீதம் கலந்ததைவிட மூன்று சதவீதம் போலக் குறைவு. பத்து சதவீதக் கலப்பில் பதின்மூன்று கொடுத்தது பன்னிரண்டரை ஆவதற்கு அது போதும்.

ஆனால் திடீரென்று இறங்கினால் விடாதீர்கள். போன வருஷம் ஒரு சர்வீஸ் சென்டரில் பின் பிரேக் பேட் மாற்றிவிட்டு வந்தேன். அடுத்த சனிக்கிழமை நோட்டில் 10.9. ஓட்டியது அதே மாதிரிதான். மூன்றாவது வாரமும் அப்படியே. அப்பா சொன்னபடி காரமடைக்கு முன்னால் சமதளத்தில் பிரேக்கே மிதிக்காமல் காலை எடுத்து உருளவிட்டு நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்துக்கும் பக்கத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தேன். தொடவில்லை, கிட்டே மட்டும். மூன்று சக்கரம் இளஞ்சூடு, இடது பின் சக்கரம் மட்டும் அடுப்பு மாதிரி அனல். ஹேண்ட்பிரேக் விட்ட பிறகும் காலிப்பர் (பிரேக் பேடை அழுத்தும் பாகம்) முழுசாக விடாமல் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. கழற்றிச் சுத்தம் செய்து, அது நகரும் ஸ்லைடு பின்னில் (ஊசியில்) கிரீஸ் போட்டு மாட்டியபிறகு அடுத்த வாரம் 12.8. அன்றிலிருந்து பிரேக் வேலை முடிந்து வரும் ஒவ்வொரு தடவையும் காரமடையில் ஒரு நிமிஷம் நிறுத்தி நாலு சக்கரத்தையும் பார்த்துவிட்டுத்தான் மலையேறுகிறேன்.